கையெழுத்துக் கேட்காத நூலக உதவியாளர்

நாகலெட்சுமி, ஆண்டியப்பன் – வீரம்மா தம்பதியரின் மூத்த மகள். பிறப்பு: 1956 பங்குனி மாதம், மஸ்கெலியாப் பகுதியில் தொழிலாளர் கருவாமலை என்று அழைக்கும் தோட்டத்தின் மேல் டிவிஷன், ஆறாம் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடு. கல்வி: தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை, பின்னர் கொட்டகலையில் உறவினர் வீட்டில் தங்கி, சாதாரண தரம் வரை. முதல் வேலை: தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் உதவியாளர். திருமணம்: 1980. கணவர் கந்தப்பன், ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை ஊழியர். குடியுரிமைச் சான்று கைக்கு வந்த ஆண்டு: 1989. அரச சம்பளத்தில் முதல் வேலை: 1992, பல்கலைக்கழகமொன்று கொட்டகலையில் தொடங்கிய கிளையின் நூலகத்தில் உதவியாளர்.

இவை சான்றிதழ்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை. பிறந்த திகதியை மட்டும் விட்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் பாடசாலைப் பதிவில் இன்னொன்றும் உள்ளன. வீரம்மா என் தாயின் தமக்கை. ஆகவே நாகலெட்சுமியை அக்கா என்றே எழுதுகிறேன். கீழே வரும் பேச்சுகளில் நான் நேரில் கேட்டவை சில. மற்றவற்றை அக்காவும், பின்னர் வரப்போகும் சரோஜாதேவி அம்மையாரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களையே எடுத்துக்கொண்டேன்.

கிளை இயங்கியது புகையிரத நிலையத்துக்கு மேலே, தோட்டத்து உதவி முகாமையாளரான சின்னத்துரை முன்பு குடியிருந்த ஒரு பழைய பங்களாவில். முன் மண்டபத்தில் நூலகம். தலைமை வளாகத்திலிருந்து லொறியில் வந்த நூல்களில் பெரும்பாலானவை தேயிலைச் செய்கையையும் மண்ணரிப்பையும் பற்றிய ஆங்கில நூல்கள். சமையற்கட்டை ஒட்டி, துரைமார் காலத்தில் மாவும் சீனியும் பூட்டிவைத்த களஞ்சிய அறை ஒன்று வெறுமையாக இருந்தது. அந்த அறையை 2003ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் திரும்பக் கேட்டது. இந்த வரலாறு அந்த அறையைப் பற்றியது.

அறை நிறையத் தொடங்கியது 1993இல். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த துரைராசா அப்போது கிளையில் வரலாற்று விரிவுரையாளர். உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஐம்பதுகளில் நடந்த வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றி ஏதேனும் கிடைக்குமா என்று நூலகத்தில் கேட்டார். எதுவும் இல்லை. ஆனால் அந்த வேலைநிறுத்தக் காலத்துத் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று கணவர் வழி உறவினர் அழகன் என்பவரின் தகரப் பெட்டியில் இருப்பது அக்காவின் நினைவுக்கு வந்தது. அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றி, மறுநாள் காலை துரைராசாவின் மேசையில் வைத்தார்.

அதன்பின் அது பழக்கமாயிற்று. கோயில் திருவிழா மலர், பாடசாலை ஆண்டு மலர், காமன் கூத்து அறிவித்தல், இறந்தவர்களுக்குக் குடும்பத்தார் அச்சிடும் நினைவு மலர் என்று தோட்டம் தோட்டமாகச் சேர்ந்தது. முதலில் சேர்ந்தவற்றை ஒரு கட்டாகக் கட்டி 1994இல் அட்டவணையில் பதியும்படி தலைமை வளாகத்துக்கு அனுப்பினார். நூலாசிரியர் பெயர் இல்லை, பதிப்பகம் இல்லை, பலவற்றில் ஆண்டும் இல்லை என்ற குறிப்போடு கட்டு திரும்பி வந்தது. அக்கா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. களஞ்சிய அறைத் தட்டுகளில் தோட்டவாரியாக, ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் டிவிஷன்வாரியாக அடுக்கினார். பெயரட்டைகளில் ஆங்கிலப் பெயர்கள் இல்லை. தொழிலாளர் வழங்கும் பெயர்கள் மட்டுமே இருந்தன.

மாணவர்கள் அந்த அறையிலிருந்து எதை எடுத்தாலும் இரவல் சிட்டையில் கையெழுத்து வாங்கினார். ஒரு நாள் பிந்தினாலும் அவர்கள் விடுதிக்கே ஆள் அனுப்புவார். விரிவுரையாளர்களிடம் மட்டும் சிட்டையை நீட்டியதே இல்லை. ஒருமுறை நான் அதைக் கேட்டேன்.

"ஏக்கா, பிள்ளைங்ககிட்ட மட்டும் அந்தக் கெடுபிடி பண்றீங்களே, சேர்மாருக்குச் சிட்டை இல்லியா?"

"நல்லாக் கேட்ட போ! சேர்கிட்டப் போயி, இந்தாங்க, கையெழுத்துப் போடுங்கன்னு நிக்கச் சொல்றியா? எங்கப்பா ஆயுசு பூரா பெருவெரல வச்சாரு. தொரை எப்பவாச்சும் நம்ம முன்னால குனிஞ்சு கையெழுத்துப் போட்டு நீ பாத்திருக்கியா? நம்பாத ஆளுகிட்டதான் கையெழுத்து வாங்குவாங்க."

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது விளங்கும். கையெழுத்து என்பது கீழே நிற்பவர் மேலே இருப்பவருக்குக் கொடுப்பது. சம்பள நாளிலும், கடன் வாங்கும் போதும், விசாரணையின் போதும் அப்படித்தான். எதிர்த்திசையில் அதைக் கேட்பது அவமதிப்பு என்று அக்கா கருதினார். ஆகவே ஒவ்வொரு மலரையும் தாமே விரிவுரையாளரின் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தாமே நினைவில் வைத்திருந்து திரும்ப வாங்கினார். எதுவும் தொலையவில்லை.

2003இல் தலைமை நூலகம் ஒரு மதிப்பீட்டைத் தொடங்கியது. விரிவுரையாளர்களின் ஆய்வுகளுக்கு நூலகத்தின் எந்தச் சேகரிப்பு எவ்வளவு உதவுகிறது என்பதே கேள்வி. பொறுப்பு உதவி நூலகர் சரோஜாதேவியிடம் கொடுக்கப்பட்டது. பருத்தித்துறையில் பிறந்து, தலைமை வளாகத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். அவர் கைக்கொண்ட வழி எளிமையானது. ஏழு ஆண்டுகளில் விரிவுரையாளர்கள் எழுதிய கட்டுரைகளையும் நூல்களையும் திரட்டினார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஆதார நூல்களைக் குறிக்கும் உசாத்துணைப் பட்டியலை எடுத்து, அதிலுள்ளது நம் நூலகத்தில் இருக்கிறதா, இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூடவே, விரிவுரையாளர்கள் இரவல் வாங்கிய சிட்டைகளையும் எண்ணினார். பயன்பாடு குறைந்த அறைகளைக் கணினிப் பிரிவுக்குக் கொடுப்பதென்று நிர்வாகம் முன்னரே முடிவெடுத்திருந்தது. கொட்டகலைக் களஞ்சிய அறைக்கு விரிவுரையாளர் சிட்டை ஒன்றுகூட இல்லை. உசாத்துணைகளில் அந்த அறையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அறையைக் காலிசெய்து கடதாசிகளைக் கட்டி வைக்குமாறு அக்காவுக்கு அறிவித்தல் வந்தது.

அக்கா அதைக் கணவரிடம் காட்டினார். கந்தப்பன் படித்துவிட்டு, "பத்து வருஷமாப் போயாவுக்குப் போயா பஸ்ஸுல தொங்குனதுக்கு இதான் பென்ஷனா?" என்று கேட்டாராம்.

ஜூன் மாதம் சரோஜாதேவி நேரில் வந்தார். அறையைப் பூட்டுவதற்காக மட்டும் அவர் வரவில்லை. உசாத்துணைப் பட்டியல்களில் ஒரு புதிர் அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. துரைராசாவின் கட்டுரைகளிலும், சுகாதாரச் சமூகவியல் கற்பித்த மதுராவின் கட்டுரைகளிலும், கிளையின் மற்றவர்கள் எழுதியவற்றிலும், அரிய வெளியீடுகளுக்கு எதிரே 'நாகலெட்சுமி தனிச்சேகரிப்பு, கொட்டகலை' என்று இருந்தது. நூலகத்தில் இல்லாத ஆதாரம் என்ற பத்தியில் அவற்றையெல்லாம் போட்டிருந்தார். அந்தச் சேகரிப்பாளரைச் சந்தித்து, சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பழைய வணிகக் குடும்பமொன்றின் முதிய அம்மையாரை மனத்தில் கற்பனை செய்திருந்ததாகப் பின்னர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

தேநீர் கொண்டுவந்து வைத்த அக்காவிடமே அவர் கேட்டார்.

"இஞ்ச கொட்டகலையில நாகலெட்சுமி எண்டு ஒரு பெரிய சேகரிப்பாளர் இருக்கிறாவாமெல்லோ. உங்கட பேர்தான். தெரியுமோ ஆளை?"

"என்ன சேகரிக்கிறாங்க மேடம்?"

"பழைய திருவிழா மலர், சங்கத்து நோட்டீஸ், நினைவு மலர். கன விரிவுரையாளர்மார் அவவிட்டைத்தான் எடுத்திருக்கினம்."

அக்கா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அது அந்த ரூம்புலதாங்க இருக்கு மேடம். வாங்க," என்று களஞ்சிய அறையைத் திறந்தார்.

சரோஜாதேவி தட்டுகளைப் பார்த்தார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். ஒரு மலரை எடுத்து, அட்டையைப் பட்டியலோடு ஒப்பிட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"நாகலெட்சுமி, இதெல்லாம் இஞ்சயே இருந்ததோ? ஏழு வருசத்தில ஒரு விரிவுரையாளரும் இந்த அறையில ஒண்டும் எடுக்கேல்லை எண்டு நான் எழுதிப்போட்டன்!"

"எடுக்காம என்னங்க. போன செவ்வாக்கெழமகூட மதுரா மிஸ்ஸுக்கு ரெண்டு குடுத்தேன்."

"அப்ப சிட்டை எங்கை?"

"சிட்டை இல்லைங்க."

"ஏன் இல்லை?"

"சேர்மாருகிட்ட எப்படிங்க மேடம்…"

அன்று மாலையே சரோஜாதேவி துரைராசாவின் அறைக்குப் போனார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு அவர் திகைத்துவிட்டார். "அவ என்ர மேசைக்குக் கொண்டுவந்து தாறா. பேப்பரில பொதிஞ்சு, வீட்டிலயிருந்து கொண்டுவாற சாப்பாடு மாதிரி. ஒரு முத்திரை இல்லை, இலக்கம் இல்லை, கையெழுத்துக் கேக்கிறேல்லை. அவவின்ர சொந்தச் சாமான் எண்டுதான் நான் நினைச்சனான். சொந்தச் சாமானைத் தாறவவுக்கு நன்றி எழுதாமல் விடலாமோ?" என்றார். மதுராவும் அதையே சொன்னார். நூலகத்தார் ஒருவர் தம் வீட்டு உடைமையை இரவல் தருவதாக எண்ணி, மிகுந்த கவனத்தோடு திருப்பிக் கொடுத்ததாகவும் சொன்னார்.

ஒரு பக்கத்தில் மரியாதை கருதிக் கையெழுத்துக் கேட்கவில்லை. மறுபக்கத்தில் மரியாதை கருதி அவர் பெயரை அச்சிட்டார்கள். இரண்டு மரியாதைகளும் சேர்ந்து அந்த அறையைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டன. இதில் எவரையும் குறை சொல்வதற்கு எனக்கு இடம் தெரியவில்லை.

அக்காவுக்கோ அப்போது வேறொன்றில்தான் ஆர்வம். தம் பெயர் அச்சில் வந்ததை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. கட்டுரைகள் ஆங்கிலத்தில், வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்தவை. ஒருவரும் அவற்றை அவரிடம் காட்டியதில்லை.

"எம் பேர் கெடக்கட்டுங்க மேடம். இதையெல்லாம் வச்சுக்கிட்டு அவங்க என்னதாங்க எழுதினாங்க? அதச் சொல்லுங்க."

சரோஜாதேவி மதுராவின் கட்டுரையை எடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றில், நினைவு மலர் அச்சிடும்போது இறந்த தாயின் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாகப் போடுவார்கள். கைக்குழந்தையாக மறைந்தவர்களையும் விடுவதில்லை. மதுரா அந்த வரிசைகளைச் சேர்த்து, ஒவ்வொரு பத்தாண்டிலும் எத்தனை குழந்தைகள் தவறினார்கள் என்று கணித்திருந்தார்.

"இதில ஒரு தாயைப் பற்றி எழுதியிருக்கிறா. ஒன்பது பிள்ளைகள். நாலு பேருக்குப் பக்கத்தில அமரர் எண்டு கிடக்காம். ஆஸ்பத்திரிப் பதிவில அந்த நாலு பேரும் இல்லையாம்."

"அது வேலாயி அத்தைங்க," என்றார் அக்கா. "எங்க கீழ் லயம். மலரு அச்சடிக்கறப்ப அந்த நாலு பேரு பேரும் வரணும்னு மூத்த மகன் ஒத்தக் கால்ல நின்னான். அச்சுக்கூடத்துக்காரன்கூட எதுக்கு வீண் எழுத்துன்னு கேட்டான்." பிறகு, "வேற என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். அன்று அறை இருட்டும்வரை இருவரும் அப்படியே ஒவ்வொரு கட்டுரையாகப் போனார்கள்.

மறுநாள் காலை சரோஜாதேவி உண்மை நிலையைச் சொன்னார். மலர்கள் பல்கலைக்கழகத்தின் உடைமை என்று எழுதினால், அந்த அறை விரிவுரையாளருக்கு மிகவும் பயன்பட்ட சேகரிப்பாகக் கணக்கில் வரும். ஆனால் வேறெங்கும் பிரதி இல்லாதவற்றைத் தலைமை வளாகத்தின் பூட்டிய பகுதிக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. நாகலெட்சுமியின் சொந்த உடைமை என்று எழுதினால், அவை நூலகத்தின் கணக்கில் வரா. அறை போகும், மலர்களை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

"எது சரி, நீங்களே சொல்லுங்கோ. இது ஆரின்ர சொத்து?"

"எனக்குத் தெரியலைங்க மேடம். குடுத்தவங்ககிட்டதான் கேக்கணும்."

சரோஜாதேவி அறிக்கையைக் கார்த்திகை வரை தள்ளிவைத்தார். அக்கா மீண்டும் பஸ் ஏறினார். சில பயணங்களில் நானும் போனேன்.

உடப்புசல்லாவையில் அழகன் மாமாவிடம் முதலில் போனோம். அவர் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தகரக் கூரைக்குக் கீழே கோழிகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, குடுத்துப் பத்து வருஷங் கழிச்சு யாருதுன்னு கேக்க வந்திருக்க? நான் ஒன்கிட்டதான குடுத்தேன்? யூனிவர்சிட்டிகிட்டயா குடுத்தேன்?"

"எனக்கேவா குடுத்தீங்க மாமா?"

"ஒனக்கு எதுக்கு அது? நீ ஸ்ட்ரைக் பண்ணப் போறியா? படிக்கிறவங்க பாக்கட்டும்னு குடுத்தேன்."

"அப்ப கீழ பெரிய காம்பசுக்குக் கொண்டுபோகட்டுமா?"

"கொண்டுபோயி? நாளைக்கு எம் பேரன் பாக்கணும்னா பஸ்ஸுக்கு ஒன் மேடம் காசு குடுப்பாங்களா? கேட்டுலயே செக்குருட்டி வெரட்டிப்புடுவான். இங்கயே வையி. ஆனா எம் பேர எழுதி வையி."

கணவரின் நினைவு மலரைக் கொடுத்திருந்த ராக்காயி இதையே வேறு விதமாகச் சொன்னார்: "அந்த மனுஷன் மொகத்த நாலு பேரு பாக்கட்டும் தாயி. குடுக்கலேன்னு சொல்லல. ஆனா நான் கேட்டா திருப்பித் தரணும்."

இரண்டு குடும்பங்கள் மலரை உடனே திருப்பிக் கேட்டன; அக்கா கொடுத்துவிட்டார். மற்றவர்கள் சொன்னது அநேகமாக ஒன்றுதான். பார்க்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும், எங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

அக்கா இதைச் சொன்னபோது சரோஜாதேவி நூலக விதிகளைத் தேடி, வைப்பு என்ற பிரிவைக் கண்டுபிடித்தார். உடைமை கொடுத்தவருடையது. காப்பது நூலகம். உடன்பட்ட காலம் முடியும்வரை, உடையவரின் சம்மதமின்றி வைத்த இடத்திலிருந்து மாற்ற முடியாது. அதற்குள் வாசிக்கப்படுவதெல்லாம் நூலகத்தின் சேவையாகவே எண்ணப்படும். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: ஒவ்வொரு முறையும், யார் எடுத்தாலும், கையெழுத்து.

"யார் எடுத்தாலும்னா…?" என்று அக்கா கேட்டார்.

"துணைவேந்தர் எடுத்தாலும்," என்றார் சரோஜாதேவி.

அறிக்கை நிறைவேற வேண்டுமானால் அன்றிலிருந்தே சிட்டைகள் இருக்க வேண்டும். அந்த வாரம் துரைராசா ஒரு திருவிழா மலர் கேட்டிருந்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசல்வரை போய், இரண்டு முறை திரும்பி வந்ததாகச் சரோஜாதேவி சொன்னார். மூன்றாம் முறை உள்ளே போய், மலரை வைத்தார். அதன்மேல் சிட்டையை வைத்தார். பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன நாகலெட்சுமி, கையெழுத்தோ? பத்து வருசமாக் கேக்காத ஆள் இப்ப கேக்கிறா. நான் களவெடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடிப்போடுவன் எண்டு ஆரும் சொன்னவையோ?"

"ஐயோ இல்லைங்க சேர்! நாங்க தொரைமாருகிட்ட கையெழுத்துக் கேட்டுப் பழக்கம் இல்லீங்க. கோவிச்சுக்காதீங்க. குடுத்தவங்களுக்காகக் கேக்குறேன்."

"நான் துரையோ? என்ர பேரில மட்டும்தான் துரை கிடக்கு, சம்பளச் சிட்டையில ஒண்டும் இல்லை," என்று சிரித்துக்கொண்டே துரைராசா கையை நீட்டினார். அக்கா பேனாவைக் கொடுத்தார். அவர் குனிந்து கையெழுத்திட்டார். மை காயும்வரை அக்கா அங்கேயே நின்றார். வெளியே வந்து, சரோஜாதேவியிடம் சிட்டையைக் காட்டி, "போட்டுட்டாருங்க மேடம்," என்று மட்டும் சொன்னார்.

அறிக்கை அவ்வாண்டு முடிவதற்குள் நூலகக் குழுவின் முன் வந்தது. கிளை விரிவுரையாளர்கள் மலையகத்தைப் பற்றி எழுதியவற்றில், உசாத்துணைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தக் களஞ்சிய அறையிலிருந்து வந்தது என்று சரோஜாதேவி திருத்தி எழுதியிருந்தார். அதன் கீழ் இன்னொரு பந்தியையும் சேர்த்திருந்தார். உசாத்துணைப் பட்டியல் கிடைத்ததை மட்டும் சொல்கிறது. கிடைக்காததால் கைவிடப்பட்ட ஆய்வுகளை அது சொல்வதில்லை. அவற்றை அறிய விரிவுரையாளர்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும் என்பது அதன் பொருள். அவர் கேட்டும் பார்த்திருக்கிறார். பிள்ளைமடுவங்களைப் பற்றி எழுத நினைத்து, ஆதாரம் இல்லாமல் விட்டுவிட்டதாக மதுரா சொன்னாராம். பிள்ளைமடுவத்தில் வேலை செய்த ஒருவர் அடுத்த அறையிலேயே இருந்ததை அதுவரை மதுரா அறியவில்லை. அந்த ஆய்வு பின்னர் எழுதப்பட்டது. அதன் உசாத்துணையில் அக்கா, தகவல் அளித்தவராக, வயதோடும் ஊரோடும் இடம்பெற்றிருக்கிறார்.

குழு வைப்பை ஏற்றது. கணினிகள் பங்களாவின் உணவறைக்குப் போயின. உடையவர் பெயர்கள் தட்டுகளில் ஒட்டப்பட்டன. அழகன் மாமா ஒருமுறை பேரனோடு வந்து, தம் பெயர் ஒட்டிய தட்டைப் பார்த்துவிட்டு, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைப்பு உடன்படிக்கை 2004 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. காலம் முடிந்தபின் அறை யாருக்கு என்பதைப் பல்கலைக்கழகம் மறுபடி தீர்மானிக்கும். இதை எழுதுவது 2009 ஜனவரியில்.

உடன்படிக்கைக் காலம்: பத்து ஆண்டுகள். கழிந்தவை: ஐந்து. எஞ்சியவை: ஐந்து.